வண்டிக்குப் போன செம்பு

என் வீட்டுக்காரர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மனைவி வாயால் தன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று அவருக்கே பயம். அரியலூரில் கடலை வியாபாரம் அவருக்கு. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களைத் திருச்சியில் ஏலம் விட்டபோது, கூடை வாங்கப் போகிறேன் என்று போனவர் ஒரு மோட்டார் சைக்கிளோடு வந்து சேர்ந்தார். கூடை வரவில்லை.

வண்டி முழுக்கச் சாணிப் பச்சை. அதை முதலில் கறுப்பாக்கினார். அப்புறம் விளக்கைப் பெரிதாக்கினார். எல்லாம் முடிந்த பிறகும் ஒன்று மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. இஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் தூசியை வடிகட்ட ஒரு தகரப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டி வண்டியில் அரிசிமூட்டை ஏற்றியது போல இருக்கிறது என்றார். திருச்சி ரயில்வே ஸ்டேஷனில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் பந்தய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் பெட்டி இல்லையாம், ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த ஒரு பித்தளைக் குழாய்தானாம். அது இல்லாமல் இரண்டு மாசம் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரம்பலூரில் லாரி ரிப்பேர் செய்யும் கொளஞ்சியப்பன், தூசி உள்ளே போனால் இஞ்சின் தேய்ந்துவிடும், பெட்டியைக் கழற்றாதீர்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அழகுக்கு முன்னால் யார் சொல்லைக் கேட்பார் இவர்? ஒரு செம்பின் அடி வயிற்றை அறுத்துவிட்டால் மிச்சமிருக்கும் கழுத்தும் வாயும் அச்சாக அந்தக் குழாய்தான் என்று கண்டுபிடித்தது இவருடைய சொந்த மூளை. நான் ஒரு கல்யாணத்துக்காக உடையார்பாளையம் போயிருந்த இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் வண்டியை நிறுத்தி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. கிட்டே போனேன். பித்தளைக் கழுத்தில் புள்ளி புள்ளியாக உளி வைத்து வெட்டிய பெயர்: வை. ரத்தினம்மாள்.

அது என் அம்மாவின் பெயர். நான் என் துணிப்பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த செம்பு. அம்மா செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வருஷம் திரும்புவதற்குள் அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த வாரமே திருமழபாடி வீட்டுக் கொல்லையில் பாத்திரம் அடிக்கிறவர் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தவலை, அண்டா, குடம் என்று அம்மாவின் பாத்திரம் முழுக்க அவர் முன்னால் கவிழ்ந்து கிடந்தது. அம்மா பெயரை அரத்தால் ராவிவிட்டு அந்தப் புதியவள் பெயரை வெட்டச் சொல்லி அப்பா உள்ளேயிருந்து உரக்கச் சொன்னார். கையில் அகப்பட்ட ஒரு செம்பை மடியில் கட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனவள்தான் நான். அம்மா பெயர் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு செம்பில். அதைத்தான் என் வீட்டுக்காரர் அறுத்து வைத்திருந்தார், அதுவும் ஏறி உட்கார்ந்தால் அவருடைய வலது முழங்கால் உரசுகிற இடத்தில்.

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அவரே கழற்றித் தருவதாகச் சொன்னார். அடியை மறுபடி வைத்துப் பற்ற வைக்கலாம், பழைய தகரப் பெட்டியைத் திரும்ப மாட்டப் பெரம்பலூர் போக வேண்டும், திருமழபாடிக் கோயில் நந்தி கல்யாணத் திருவிழா முடியட்டும் என்றார். அப்பா இரண்டு பேரையும் கல்யாணத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். எனக்கு அந்த வீட்டுப் படி ஏறவே பிடிக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை போவேன், கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன், அடுப்பங்கரைப் பக்கம் தலை வைக்காமல் திரும்புவேன். இவருக்கோ மாமனார் ஊரில் வண்டியைக் காட்டாவிட்டால் தூக்கம் வராது.

புறப்படும்போது ஒரு மஞ்சள் துணியை எடுத்து அந்தக் கழுத்தைச் சுற்றி மூடிக் கட்டினேன். அம்மா பெயர் மேல் கால் படக்கூடாது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. இவர் இறங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அதுலதான் வண்டி மூச்சு விடுது. மூடுனா செத்துடும்."

துணியை அவிழ்த்தேன். மிச்ச தூரம் முழுக்க அவர் வலது காலை வெளியே தள்ளி, கொக்கு மாதிரி அகட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அப்பா வெளியே வந்து விளக்கைத் தொட்டுப் பார்த்தார், விலை கேட்டார். அவருக்குப் பின்னால் பொன்னுத்தாய் செம்பில் தண்ணீரோடு வந்தாள். அப்பாவின் இரண்டாம் தாரம். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அவள் விளக்கைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தப் பித்தளையைப் பார்த்தாள். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மாப்ள, அக்கா பேரு இது. இதுலயா கால வைக்கிறீங்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்று அவள் சொன்னது என் காதில் நெருப்பாக விழுந்தது. பெயரை ராவச் சொன்ன வீட்டில் இருந்துகொண்டு என்ன அக்கா வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டுவிட்டேன். ஒன்பது வருஷமாக அடக்கி வைத்த கேள்வி. அப்பா வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னுத்தாய் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அடுப்பங்கரையில் தவலை அதன் இடத்திலேயே இருந்தது. அதைத் திருப்பிக் காட்டினாள். வை. ரத்தினம்மாள். அண்டாவைச் சாய்த்தாள். வை. ரத்தினம்மாள். குடத்தில், உருளியில், தாம்பாளத்தில், பருப்புக் கரண்டியின் காம்பில்கூட. பதினொரு சாமான். எல்லாவற்றிலும் அம்மா பெயர் பளிச்சென்று இருந்தது.

"அவரு ராவத்தான் சொன்னாரு. நான் ஈயம் மட்டும் பூசிட்டுப் போவச் சொல்லிட்டேன். இன்ன வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஆம்பளைங்க பாத்திரத்துல சோத்தத்தான் பாப்பாங்க."

அவள் குரலை உயர்த்தாமலே, என் பெயரைச் சொல்லி மிச்சத்தையும் சொன்னாள்.

"எங்கிட்ட இருக்கறது பதினொண்ணும் பத்தரமா இருக்கு சுந்தரா. உங்கிட்ட இருந்தது ஒண்ணு. அதைப் பாத்துக்க முடியல ஒனக்கு."

சுரீரென்றது. ஆனால் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில்தான் அதிகம் அழுதேன். அவள் சமாதானம் சொல்ல வரவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதைப் போய்க் கிண்டினாள். அழுது முடித்ததும் மேல் பலகையிலிருந்து ஒரு செம்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டு வந்தது அது ஒன்றுதான். அதில் பெயர் இல்லை, கால் பட்டாலும் தோஷம் இல்லை, மாப்பிள்ளை ஆசைப்படுகிறார், இதை அறுத்துக்கொள்ளட்டும் என்றாள்.

வெளியே வந்தபோது இவர் யாரும் சொல்லாமலே ஸ்பேனரை எடுத்து அந்தக் கழுத்தைக் கழற்றியிருந்தார். வேட்டி நுனியால் துடைத்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். பொன்னுத்தாய் கொடுத்த செம்பை நான் இவரிடம் காட்டவே இல்லை. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் கோயில் தெருக் கடைகளுக்குப் போனேன். திருவிழாவில் பாத்திரம் வாங்குகிறவர்களுக்குப் பெயர் வெட்டித் தர ஒருவர் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தார். அவள் கொடுத்த செம்பை அவர் முன்னால் வைத்துப் பொன்னுத்தாய் என்று வெட்டச் சொன்னேன். முன்னெழுத்து என்ன என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண் பெயருக்கு முன்னால் புருஷன் பெயரின் முதல் எழுத்தைத்தான் வெட்டுவார்கள். என் அப்பா பெயர் வைத்திலிங்கம். அந்த எழுத்து என் அம்மாவுக்கு மட்டும்தான் என்று ஒன்பது வருஷம் வைராக்கியமாக இருந்தவள் நான்.

"வை போடுங்க" என்றேன்.