நாலாவது போர்ட்

நகக்கண்ணில் ஏறியிருந்த அலுமினியத் தூள் மட்டும் போகவே இல்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கணவரின் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல், கட்டை விரல், மறுபடியும் ஆள்காட்டி விரல்.

"போதும் அண்ணி. பத்து மணிக்கு சுடுகாட்டு வண்டி வந்துடும்," என்றான் கொழுந்தன்.

"இந்தக் கையோட எப்படி அனுப்பறது?"

"இந்தக் கையோடதானே இருந்தாரு."

அவள் துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தாள்.

வாசலில் பைக்குகளும் கார்களும் சேர்ந்துவிட்டன. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. விரல் மாஸ்டர் என்றுதான் தெரியும். வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. எஞ்சினின் தலைப்பாகமான சிலிண்டர் ஹெட்டைப் பலகையில் இறுக்கி, காற்று உள்ளே போகிற வழிகளைக் கைக் கிரைண்டரால் குடைந்து வழுவழுப்பாக்குவார். போர்ட் என்பார்கள் அந்த வழிகளை. நாலு போர்ட்டும் ஒரே அச்சாக இருந்தால் வண்டி பறக்கும். ஒன்று பிசகினாலும் முரண்டு பிடிக்கும். உள் வளைவில் கண் எட்டாது, விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் பாதை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் ஓட்டை விழுந்து ஹெட் பாழாகிவிடும்.

"இருபத்தாறு வருஷம். அண்ணன் கையில ஒரு ஹெட்டு ஓட்டையானதில்ல," என்று கொழுந்தன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் கட்டிலில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தார்கள்.

அந்த விரல் செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கிரைண்டரின் அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சியைத் தின்றுவிட்டது. ஒருநாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வந்தார். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. "வெளியில சொல்லிடாத. விரல் இல்லாத விரல் மாஸ்டர்னு சிரிப்பானுங்க," என்றார். அன்றிலிருந்து போர்ட்டுக்குள் போனது அவள் விரல்தான். கிரைண்டரை நிறுத்திவிட்டு, "இந்தா, பாரு," என்பார். கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவதுக்குள் விட்டு நாலாவதுக்குள் விடுவாள். மயிரிழை மேடு இருந்தாலும் சொல்லிவிடுவாள். பாராட்டெல்லாம் அவருக்கு வந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் ஒரு சிரிப்புகூட இருந்தது.

நேற்றுக் காலையிலிருந்தே அவருக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டரிடம் போகலாம் என்று மூன்று முறை கூப்பிட்டாள். "இந்த ஒரு போர்ட் முடிச்சிட்டு," என்றார் மூன்று முறையும். பிடித்த முயலுக்கு மூன்றே கால். மதியம் "இந்தா, பாரு," என்றபோது விரலை விட்டாள். நாலும் ஒன்றுபோல இருந்தன, முடிந்துவிட்டது. ஆனால் முடிந்தது என்று சொன்னால் மெருகேற்ற உட்கார்ந்துவிடுவார், அதற்கு இரண்டு மணி நேரம்.

"இன்னும் மேடாதான் இருக்கு. இது இன்னைக்கு முடியற வேலையில்ல. எழுந்திருங்க, போலாம்."

"சரியா பாத்தியா?"

"பாத்தேன்."

"மேடுதானே. அஞ்சு நிமிஷம்," என்று கிரைண்டரை எடுத்தார்.

செருப்பை எடுக்கப் போனாள். சத்தம் நின்றது. "கொஞ்சம் தண்ணி குடு," என்று குரல் வந்தது. தண்ணீரோடு போனபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது.

"அக்கா." ரேஸ்காரன் தயங்கித் தயங்கிக் கட்டிலருகே வந்து நின்றான். பத்து வருஷமாக வருகிறவன். "தப்பா நெனைக்காதீங்க. என் ஹெட்டு உள்ள இருக்கு. மாஸ்டர் கடைசியா தொட்டது. வேற யாரும் கை வைக்க வேணாம். ஞாயித்துக்கிழமை அப்படியே மாட்டி ஓட்டறேன்."

"நீங்க இருங்க, நான் எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தாள்.

பின்னறையில் ஹெட் பலகையிலேயே இருந்தது. மூன்று போர்ட்டுகள் திறந்திருந்தன. நாலாவதில் ஒரு துணி திணித்திருந்தது. அவர் அப்படித் துணி வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. உருவினாள். பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டாள். உள் வளைவில், எங்கே மேடு என்று சொன்னாளோ அங்கே, விரல் நுனியில் கூராக ஏதோ கிழித்தது. கடுகளவு ஓட்டை.

இன்னொருத்தர் கண்ணுக்குப் படாது. வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் உள்ளே இறங்கி, ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சின் நின்றுபோகும், அவன் உயிருக்கும் உத்தரவாதமில்லை. அப்புறம் ஊர் முழுக்க அவருடைய கையைத்தான் பேசும்.

பின்னால் ரேஸ்காரனும் கொழுந்தனும் வந்து நின்றார்கள்.

"தம்பி, இதை மாட்டாதீங்க. நாலாவதுல ஓட்டை விழுந்திருக்கு."

"அண்ணன் கையிலயா? சும்மா இருங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

ரேஸ்காரன் குனிந்து நாலாவதுக்குள் விரலை விட்டான். நுனியில் கிழித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அவர் கையில இல்ல, என்னால. நாலு வருஷமா அவர் விரல்ல உணர்ச்சியே கிடையாது. தொட்டுப் பாத்து சொன்னதெல்லாம் நான்தான். நேத்து சரியா இருந்ததை மேடா இருக்குன்னு பொய் சொன்னேன். எழுந்து டாக்டர்கிட்ட வருவார்னு சொன்னேன்."

ரேஸ்காரன் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"யானைக்கும் அடி சறுக்கும்க்கா. அதுக்காக பழியை நீங்க தலையில தூக்கிப் போட்டுக்கணுமா? மாஸ்டர் பேரு கெடாது. நான் வெளியில மூச்சு விட மாட்டேன்."

"நான் சொல்றது நெஜம்."

"சரிக்கா. நெஜம்தான்," என்றான், சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற குரலில். "ஹெட்டு இங்கேயே இருக்கட்டும்."

"அழுதுடுங்க அண்ணி. அழுதா சரியாயிடும்," என்றான் கொழுந்தன்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாள். இன்று திறந்தால் கேட்க ஆளில்லை. தப்பும் அவருடையதாகவே போய்விட்டது.

இருவரும் போன பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தாள். கிரைண்டர் சுவரைத் துளைத்ததை அவர் சத்தத்திலேயே கண்டுபிடித்திருப்பார். சத்தம் நின்றதற்கும் தண்ணீர் கேட்டதற்கும் நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இதைத் திணித்திருக்க வேண்டும். யார் கண்ணில் படக்கூடாதென்று? வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அண்ணி, தூக்கப் போறாங்க," என்று கூப்பிட்டான் கொழுந்தன்.

"வரேன்."

துணியை உதறி மடித்து, இருந்த மாதிரியே நாலாவது போர்ட்டுக்குள் வைத்தாள். ஓரம் வெளியே தெரிந்தது. ஆள்காட்டி விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு, முன்னறைக்குப் போனாள்.