தார்லயா, மண்ணுலயா

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வாரம் பேப்பரில் ஒரு கட்டுரை. மோட்டார் சைக்கிளுக்கு மின்னணு பிரேக் வரப்போகிறதாம். எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தானே விட்டுவிட்டுப் பிடிக்குமாம். ஓட்டுகிறவர்களுக்கு இதனால் நன்மை உண்டா என்று வாசகர்களைக் கேட்டிருந்தார்கள். நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, பத்து வருஷத்துக்கு முன்பே, 1999இல், இந்தப் பிரேக்கைப் பற்றி என் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறேன்' என்று ஆரம்பித்தது, கடிதமாக நிற்கவில்லை.

2

முதல் ஆரம்பம்: 'ஐப்பசி மழையில் கரிசல் காடு கறுத்துக் கிடந்தது. கழுகுமலைச் சாலையின் இரு மருங்கிலும்

வேண்டாம். காடு எனக்கு எழுத வராது. ஆள் பேசினால்தான் எனக்குக் கதை.

இரண்டாவது ஆரம்பம்: 'அஃப்ஜல் ஒரு மெக்கானிக்.'

இது உண்மை. கோவில்பட்டியில் எங்களுக்கு அடுத்த வீடு. தங்கசாமி அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். அப்போது புது வண்டி எடுப்பவர்கள் அதற்கு மாலை போட்ட கையோடு அண்ணாச்சியிடம் வந்து, முன்பிரேக் கேபிளைத் தளர்த்திக்கொண்டு போவார்கள். முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழவேண்டியதுதான் என்று ஊருக்கே நம்பிக்கை. அஃப்ஜல் மட்டும் தன் வண்டியில் இறுக்கி வைத்திருந்தான். பாதி பிரேக்கை அவிழ்த்துவிட்டு எதை நம்பி ஓட்டுகிறார்கள் என்று கேலி பேசுவான்.

தொண்ணூற்று நான்கு ஐப்பசியில், கழுகுமலையிலிருந்து மனைவி அர்ஃபாவைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தான். தூறல். காட்டிலிருந்து ஏறிய டிராக்டர் சாலையில் திட்டுத்திட்டாகக் கரிசலை இழுத்துவிட்டிருந்தது. குறுக்கே ஆடுகள். முன்பிரேக்கைப் பிடித்தான். மண்டையில் அடிபட்டு அவனுக்கு அன்றைய நாளே மறந்துபோனது. அவளுடைய இடது முழங்கால் அதன் பிறகு மடங்கவில்லை. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை.

முன்பிரேக்கைப் பிடித்திருக்கிறான் என்றது ஊர். ஆறு மாதத்தில் விசா வாங்கிக்கொண்டு சார்ஜாவுக்குப் போனவன், நான்கு வருஷமாக லீவுக்குக்கூட வரவில்லை.

3

(இங்கே அவனைக் கோழை என்று ஒரு வரி எழுதி அடித்தேன். நான்கு வருஷமும் மாதம் தவறாமல் கேசட்டில் பேசி அனுப்பியவனை அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.)

அர்ஃபா வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. மத்தியானத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து கேசட்டைப் போடுவாள். நான் அடுப்படியில் இருப்பேன். எனக்குக் கேட்கும் என்று அவளுக்கும் தெரியும். அவன் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பான். அதற்குள் இவள் பதில் சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்று ஒன்பதில் வந்த கேசட் இது. போலீஸ் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு மாறியிருந்தான்.

"ஈரத் தார்ல முழுசா அழுத்திப் பாத்தேன் அர்ஃபா. முன்சக்கரம் வழுக்கவே இல்ல. கைக்குள்ள லேசா துடிக்குது, அவ்வளவுதான். பின்சக்கரம் வெறுமனே சுத்துனா இஞ்சின அடக்குத பெட்டி வேற இருக்கு."

"அத எதுக்குப் போயி அழுத்திப் பாக்கீய?"

"நம்ம வண்டியில இது இருந்திருந்தா…"

"இருந்திருந்தா மட்டும்? நான் என்ன டான்ஸா ஆடப்போறேன்?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்கு நெனவு இல்ல. நாம வழுக்குனது தார்லயா, மண்ணுல எறங்குன பெறவா? மண்ணுன்னா இந்தப் பிரேக்கும் காப்பாத்தியிருக்காது. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுது, வந்துருதேன். தாருன்னா இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். என்னால கெட்ட ஒங் கால தெனமும் பாத்துக்கிட்டு ஒரு வீட்டுல இருக்க முடியாது."

அவள் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

4

கட்டுரைக்காரருக்கு ஒரு குறிப்பு. நேற்று தங்கசாமி அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். ஈரத் தாரில் அந்தப் பிரேக் ஆளைக் காப்பாற்றுமாம். நனைந்த கரிசலில் கதை வேறு: மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

"சுத்தாத சக்கரத்த அது எங்கன விட்டுப் பிடிக்க?" என்றார். "இன்னொண்ணு, பெட்டி இருக்குங்குத தைரியத்துல இன்னும் முறுக்குவான். அதுக்கு ஒரு பெட்டி கண்டுபிடிக்கச் சொல்லுங்க."

ஆக, நன்மை உண்டா என்பது எங்கே விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அஃப்ஜல் கேட்டதும் அதைத்தான்.

5

அர்ஃபா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"தார்தான் யக்கா. முட்டியிலேருந்து ஜல்லிப் பொடியா நர்சம்மா பொறுக்கி எடுத்தாவ. கரிசல்ல ஏது ஜல்லி?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"பொய் சொன்னா டேப்புல தெரியுமா?"

இந்த இடத்தில் முதல் பிரதியில் எனக்கு அருமையான பதில் ஒன்று எழுதிக்கொண்டேன். அதைக் கிழித்துவிட்டேன். உண்மையில் நான் சொன்னது: "பேட்டரி தீரப்போவுது, சீக்கிரம் பேசு."

முடிவு ஒன்று: மண் என்கிறாள். அவன் வருகிறான். ஒவ்வொரு மழைக்கும் அவள் வாயை இறுக்கிக்கொண்டு

முடிவு இரண்டு: தார் என்கிறாள். அவன் கையெழுத்துப் போடுகிறான். அவளை உண்மை பேசியவள் என்று நாம் மெச்சிக்கொண்டு, அவளைத் தனியே

இரண்டும் அவள் குரலில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதை எழுதுகிறேன். பதிவுப் பொத்தானை அமுக்கினாள். சாப்பாட்டை விசாரித்தாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னாள். பிறகு, தாரையும் மண்ணையும் தொடாமல், ஒரே ஒரு கேள்வி:

"அந்தப் போலீஸ் வண்டியில பின்னால ஆள் உக்கார எடம் இருக்கா மச்சான்?"

டேப்பை நிறுத்திவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தன் வீட்டுக்குப் போனாள்.

கேசட்டோடு அவன் அனுப்பிய போட்டோவை மேசைமேலேயே விட்டுப் போயிருந்தாள். வெள்ளை வண்டி, பக்கத்தில் அஃப்ஜல். ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் சீட். பின்னால் வயர்லெஸ் பெட்டி. இதை நன்றாகப் பார்த்த பிறகுதான் அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். கேசட் இப்போது உங்கள் கையில் வந்திருக்கிறது, அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது. அவன் நிலையில் இருந்து அவளுக்குப் பதில் சொல்லுங்கள்: இடம் இருக்கிறதா, இல்லையா?