ஜும்ஆவுக்குப் பூட்டிய கடை

கல்முனை பசாரில் ஜெமீலின் சாறிக் கடைக்கு ஆள் இழுத்தது சாறியல்ல, மீன். எண்பத்திரண்டில் அவனுடைய மச்சினன் கொழும்பிலிருந்து இறக்கிக் கொடுத்த கண்ணாடித் தொட்டி. அடியில் மணல், சம்மாந்துறை வாய்க்காலில் பிடுங்கிய நீர்ப்பூண்டு, மேலே நாள் முழுக்க எரியும் குழல் விளக்கு. பிள்ளைகள் மீன் பார்க்க நிற்பார்கள். தாய்மார் சும்மா நிற்க வெட்கப்பட்டுச் சாறியைத் தொடுவார்கள். தொட்ட சாறியை ஜெமீல் மடித்து உள்ளே வைத்ததில்லை.

நோன்பு பாதியானபோது தொட்டி பச்சையாகிவிட்டது. கண்ணாடி முழுக்கப் பாசி. பெருநாள் வியாபாரம் எதிர்க்கடைக்குத் திரும்பத் தொடங்கியது.

பாண்டிருப்பிலிருந்து வரும் வங்கி கிளார்க் பாக்கியராசா வீட்டில் மீன் வளர்ப்பவர். எட்டிப் பார்த்தார்.

"விளக்கைக் குறையுங்க முதலாளி. தீனியையும் பாதியாக்குங்க. இன்னும் கொஞ்சம் பூண்டு நட்டா, தண்ணியில இருக்கிற சத்தை அது இழுத்திரும், பாசிக்கு ஒண்டும் மிஞ்சாது. ஒரு மாசத்தில தெளியும்."

"அதுவரைக்கும் பெருநாளைத் தள்ளிவெக்க நீங்க ஆரிட்டயும் கதைப்பீங்களா?"

குறுக்கு வழி அவனுக்குத் தெரியும். கல்முனைக்குடியில் ஒரு பழைய சின்னப் பள்ளிவாசல். அதன் ஹவுளில், தொழுகைக்கு முன் படியில் குந்திக் கைகால் கழுவி வுழூச் செய்யும் அந்தத் தொட்டியில், குழாய் வந்த பிறகு யாரும் கால் வைப்பதில்லை. ஆனாலும் ஒரு பொட்டுப் பாசி கிடையாது. உள்ளே கிடந்த கறுத்த மீன்கள் சுவரை நக்கிக்கொண்டேயிருக்கும்.

"கொஞ்சம் மீன் தாங்க காக்கா. உடுக்க ஒரு சாரம் தாறன்," என்றான், அங்கே பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் ஸமட்டிடம்.

"பள்ளிச் சாமான் விக்கிறதுக்கில்ல."

"இரவலுக்குத்தான். பெருநாள் முடியக் கொண்டாறன். ரெண்டு சாரம்."

"என்னட்டக் கேட்டு என்ன? அதுகளுக்குக் கொத்தக் காலைக் குடுக்கிறவங்களிட்டக் கேளு."

"இப்ப ஆரு இங்க கால் கழுவுற?"

"மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் படி நனைஞ்சிதான் கிடக்கு. நான் நனைக்கிறல்ல."

விலை ஏறுகிறது என்று நினைத்த ஜெமீல் மூன்றாவது சாரத்தையும் வைத்துவிட்டு, வாளியில் மீனை அள்ளினான். மோதினார் தடுக்கவில்லை. சாரத்தையும் தொடவில்லை.

மீன்கள் பாசியைத் தின்றன. முதலில் கண்ணாடியின் அடியில் இரண்டு பாதத்தின் வடிவில், விரல்கள்கூடத் தனித்தனியாக. மறுநாள் பக்கத்தில் இன்னொரு சோடி, சிறியது. பாசி தீர்ந்த பிறகும் மீன்கள் அந்த இடங்களை விட்டு நகராமல், எதையோ கொத்திக்கொண்டு நின்றன.

"இது ஆரோ நிண்ட அடையாளம். கொண்டுபோய் விடுங்க," என்றாள் மனைவி ஸகியா.

"நிண்டா நிக்கட்டும். ஆள் வரத்தானே தொட்டி வெச்ச."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைத் தன் கையாலேயே பூட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது வாசலில் பெண்கள் கூட்டம். முன்னால் றம்லா, ஒரு கலியாண வீட்டுக்கே சாறி எடுப்பவள். ஜெமீல் சிரித்தபடி ஒரு கதவுப் பலகையைக் கழற்றினான்.

தொட்டி பளிங்குபோல் இருந்தது. பாசி இல்லை. தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. சீமெந்துத் தரையில் ஈரக் கால் தடங்கள், பெரிதும் சிறிதுமாக, வாசலிலிருந்து தொட்டிவரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றும் இல்லை.

"கண்ணாடி நல்லாத் துலங்குதே நானா," என்றாள் றம்லா, தோளுக்குப் பின்னாலிருந்து. "மத்தப் பலகையையும் கழட்டுங்களன்."

ஜெமீல் கழற்றிய பலகையைத் திரும்பப் பொருத்தினான்.

"நாளைக்கு வாங்க தங்கச்சி."

"எதிர்க்கடைக்குப் போவன் சொல்லிட்டன்."

"போங்க."

பூட்டும்போது உள்ளே தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. மீனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு யாராவது உள்ளே போக வேண்டும்.