செம்பட்டை முடிச் சிப்பாய்

ஒரு பேரரசு மண்ணோடு மண்ணாகிப் போனாலும் அதன் மானத்தைக் காக்க எங்காவது ஒரு வீரன் பிறந்தே தீருவான். நம் கர்னல் சிமென்ட் கம்பெனி ஸ்டோர்ஸில் மூட்டைகளைக் காத்து ஓய்வு பெற்றவர். கர்னல் என்பது அவருடைய சகலை கிண்டலாக வைத்த பெயர். இவர் அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு பழைய ஜெர்மன் ராணுவத் தலைக்கவசம் இருந்தது. கறுப்புத் தோல், நெற்றியில் பித்தளைக் கழுகு, உச்சியில் ஈட்டி முனை போல ஒரு கூர். இப்படிப்பட்டவற்றைச் சேர்ப்பவர்கள் ஊரில் ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். இன்று சாயங்காலம் கர்னலுடையதைச் சோதிக்கப் போகிறார்கள். அசல் என்று முடிவானால் அவர்தான் தலைவர்.

காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவசத்தை எடுத்தார், துடைத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி ஏன் இப்படி அலையறீங்க? உட்காருங்க," என்றாள் மனைவி.

"கழுகுக்குப் பின்னால தோல்ல ரெண்டு ஓட்டைதான் இருக்கணும். கூட இருந்தா கழுகை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். கழட்டிப் பார்க்கவே பயமா இருக்குடி."

"எனக்கு உங்க தலையைப் பார்த்தாதான் பயமா இருக்கு. கறுப்பு டை தீர்ந்துபோச்சுன்னு கடைக்காரன் எதையோ குடுத்தா அதையா வாங்கிப் பூசிக்கிறது? போன மாசத்துலேருந்து பீட்ரூட் மாதிரி இருக்கீங்க. ஆமா, படுக்கையறை வாசல் நிலையில மேல யாரு கீறி வச்சது?"

"கரையான்," என்றார் கர்னல்.

சகலை பல் டாக்டர். நோயாளிகள் போன பிறகு அவருடைய கிளினிக்கில்தான் சங்கம் கூடும். சங்கத்துக்கு இருந்தது ஒரே விதி: கவசத்தைத் தலையில் வைத்தவர் வெளியே. விதியைக் கொண்டுவந்தவரே கர்னல்தான். பேத்தியின் பிறந்தநாளில் தன் கவசத்தைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த மருந்துக்கடைக்காரரை எழுப்பி நிறுத்தி, "உயிரோட இருக்கிறவன் வேர்வை பட்டா வரலாறே நாறிடும்!" என்று இவர் கத்திய கத்தலில், அவர் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். குடை இன்னும் மூலையில் தொங்குகிறது.

பல் பிடுங்கும் நாற்காலியில் கவசத்தைச் சாய்த்து வைத்தார்கள். மேலே விளக்கு எரிந்தது. டாக்டர் கழுகைக் கழற்றினார். கர்னல் உட்கார்ந்தார், எழுந்தார், குடையைத் தொட்டார்.

"ரெண்டே ஓட்டை. கழுகு அசல்," என்றார் டாக்டர்.

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கர்னல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, உட்புறத் தோல் மடிப்பைப் புரட்டினார். இடுக்கியில் ஒரு முடி வந்தது. செம்பட்டை முடி.

"சிப்பாயோட முடி!" கர்னல் நாற்காலியருகே பாய்ந்து வந்தார். "வெள்ளைக்கார முடி! எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, எந்தப் பதுங்குகுழியில விழுந்தானோ... எல்லாரும் எழுந்திருங்க. மௌன அஞ்சலி."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கர்னல் விறைப்பாக நின்று கண்ணை மூடினார். கையில் முடியோடு சும்மா நிற்க முடியாத டாக்டர், அதை விளக்கடியில் பிடித்து லென்ஸால் பார்த்தார்.

"சகலை."

"உஷ்."

"சகலை, உங்க சிப்பாய் டை அடிச்சிருக்கான். அடியில வெள்ளையா இருக்கு."

கர்னல் கண்ணைத் திறந்தார். பெஞ்சு வரிசை மொத்தமும் அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகவே சிவந்திருந்தது.

"அந்தக் காலத்துல அவங்களும்..." என்று தொடங்கியவர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"மருந்துக்கடைக்காரருக்கு யாராவது போன் போடுங்கப்பா," என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். "குடையை வந்து எடுத்துக்கட்டும்."

கவசம் அசல்தான். மனைவி குளிக்கப் போகும்போதெல்லாம் கர்னல் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடைபோட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு சல்யூட் அடிப்பார்.