மரிக்கொழுந்து சோப்பு

மரக்கரண்டி எனாமல் பேசினுக்குள் நட்டுவைத்த கம்பம் போல நின்றது. தையல்நாயகி கையை எடுத்துப் பார்த்தாள், கரண்டி சாயவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கேழ்வரகுக் கூழ் மாதிரித் தளதளவென்று இருந்த சோப்பு, இப்போது காரைச் சுவர் பெயர்ந்தது போலக் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது. அவள் புருஷன் உமாபதி கிராம்புத் தைலச் சீசாவைக் கையில் பிடித்தபடி, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ ஊத்தினீங்க?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா?"

"பாதிச் சீசா இருக்கும். வாசனையே வரலியே தையலு, அதான்."

"வாசனை வரலியா?" தையல்நாயகி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அவள் மேலே பேசுவதற்குள், பக்கத்து வீட்டுப் பின்கட்டிலிருந்து நாத்தனார் காந்தாவின் குரல் மதில் தாண்டி வந்தது.

"அண்ணி! யாருக்கு அங்க பல்வலி?"

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். அவர் சீசாவுக்கு மூடி போட்டுவிட்டு, மெதுவாகத் தறியைப் பார்க்க நடந்தார்.

பாழானது இது மூன்றாவது தடவை. மார்கழி பிறந்ததும் மாதர் சங்கத்தில் சோப்புச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து எட்டுப் பெண்கள் போனார்கள். கற்றுக்கொடுத்தவள் லில்லி டீச்சர். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரை அதன் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. கிளறும்போது கரண்டி போன கோடு மேலே நிற்கிற பதம் வந்தால் அச்சில் ஊற்றலாம். எட்டுப் பேரில் முதல் ஈடே சரியாக வந்தது தையல்நாயகிக்குத்தான். நுரை நன்றாக வந்தது, அழுக்கும் போயிற்று. ஆனால் காந்தா ஒரு கட்டியை வாங்கிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து நின்று சொன்னாள்: "சோப்பு நல்லாத்தான் இருக்குது அண்ணி. குளிச்சிட்டு வந்தா செக்கடியில உக்காந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது."

லில்லி டீச்சரும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னாள். பங்குனி உத்திரத் திருவிழாக் கூட்டத்துக்காக யூனியன் ஆபீஸ் மைதானத்தில் பொருட்காட்சி போடுகிறார்கள். சங்கத்துக்கும் ஒரு கடை உண்டு. "உங்க சோப்பைத்தான் வைக்கலாம்னு இருக்கேன், தையல்நாயகியம்மா. ஆனா மணம் வேணும். மணமில்லாத சோப்பைக் கையிலகூட எடுத்துப் பாக்க மாட்டாங்க."

அன்றைக்குப் பிடித்தது சனி. முதலில் மல்லிகைப் பூவை எண்ணெயில் ஊறப்போட்டு வடிகட்டி அதில் சோப்புச் செய்தாள். பூ மணம் போன இடம் தெரியவில்லை. அழகுக்கென்று தூவிய இதழெல்லாம் புகையிலைத் துணுக்கு மாதிரிக் கறுத்துப்போயிற்று. அடுத்து ராஜவீதி அத்தர்க் கடை பாயிடம் மரிக்கொழுந்துத் தைலம் வாங்கி வந்தாள். அதைச் சோடாக் கரைசல் சூடாக இருக்கும்போதே உமாபதி ஊற்றிவிட்டார். "எப்ப ஊத்தினா இன்னா" என்றார். ஊற்றினதெல்லாம் ஆவியாகப் போய், தெரு முழுக்க மணத்தது; சோப்பு மட்டும் மணக்கவில்லை. மூன்றாவது தடவை, லில்லி டீச்சர் சொன்னபடி, மரிக்கொழுந்தோடு கிராம்புத் தைலம் மூன்றே சொட்டு, கடைசிப் பதத்தில், ஆறின பிறகு. டீச்சர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்: "கிராம்பு அதிகமானா அந்த நிமிஷமே இறுகிடும்." தையல்நாயகி சொட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கிற்று. போய் இறக்கிவைத்துவிட்டு வருவதற்குள் கரண்டி கம்பமாகிவிட்டது.

வாசனை விஷயத்தில் உமாபதியை ஒதுக்கி வைக்கவும் முடியாது. அவர் மூக்கு தெருவுக்கே தெரிந்த மூக்கு. தறியில் ஏற்றுகிற பட்டுப் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை மோந்து பார்த்தே, "இது நாளைக்குப் புளிச்சிடும், கொட்டிடுங்க" என்பார். கஞ்சி புளித்தால் பாவு முழுக்கப் பாழ். அதனால் பத்துத் தறி வைத்திருக்கிற ராஜவேலு முதலியார்கூட ஆளனுப்பிக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனுஷன், 'வாசனை நான் பாத்துக்கறேன்' என்று சொன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இப்போது சொல்லிவிட்டாள். "இனிமே நீங்க இந்தப் பேசின் பக்கம் வரக் கூடாது. வந்தீங்கன்னா, நான் உங்க தறிக்குழியில எறங்கி நாடாவைப் புடிச்சுத் தட்டி நெய்வேன். அப்பத் தெரியும்."

"நல்லதுக்குத்தான செஞ்சேன்."

"உங்க நல்லது எனக்கு வேணாம்பா!"

சீசாக்களை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். சோப்பு காய நாலு வாரம் வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு இருந்தது ஆறு வாரம். இனி ஒரு ஈடுதான் செய்யலாம்.

மாசி பிறந்த மறுநாள், அவர் கஞ்சி வேலையாக வெளியே போன நேரம் பார்த்துக் காலையிலேயே பேசினை எடுத்தாள். பதம் கூடி வந்துகொண்டிருந்தது. தைலத்தைத் தோண்டி எடுக்கலாம் என்று அவள் எழுந்தபோது உமாபதி வாசலில் செருப்பைக் கழற்றினார். நேரே பேசினிடம் வந்தார், குனிந்தார், மூக்கை விடைத்து ஆழமாக இழுத்தார்.

"ஆகா!" என்றார். "இப்பதான் தையலு சரியா வந்திருக்குது. மரிக்கொழுந்து இன்னாமாத் தூக்குது!"

தையல்நாயகி அரிசிப் பானையைப் பார்த்தாள். கூழைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கூழில் தேங்காய் எண்ணெய் நாற்றத்தைத் தவிர ஒரு மண்ணும் இல்லை.

"கண்ண மூடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்கன்றேன்."

அஞ்சறைப் பெட்டிக்குப் போய்ப் பெருங்காயக் கட்டியை எடுத்து வந்து அவர் மூக்கில் படாத குறையாக நீட்டினாள். "இது இன்னா?"

உமாபதி இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. "ஜவ்வாதா?" என்றார்.

கண்ணைத் திறந்து, அவள் கையில் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினி நாளா?" என்றாள் தையல்நாயகி.

"ஐப்பசியில காய்ச்சல் வந்துச்சே. அது போகும்போது இதையும் கொண்டுக்கினு போயிடுச்சு. சளி எறங்கினா வந்துடும்னு இருந்தேன். வரல."

அவளுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, கோபம்தான். "மூணு மாசமா? மூணு மாசமா நான் வைக்கிற சாம்பாரை மோந்து மோந்து 'இன்னா மணம், இன்னா மணம்'னு சொன்னதெல்லாம்?" பொங்கலன்று அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது, 'பூ வாசம் ஆளைத் தூக்குது' என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கனகாம்பரத்துக்கு ஏது வாசம்? கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அன்றைக்கு ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள்.

"சொன்னா இன்னா பண்ணுவே? நீயும் அழுவே." அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கிராம்புதான், அது மட்டும் மூக்குக்குள்ள சுருக்குனு ஏறுச்சு. வருது, வாசனை வருதுன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் ஊத்தினா நல்லாத் தெரியும்னு..."

தையல்நாயகி பெருங்காயக் கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ராஜவேலு வூட்டுக் கஞ்சி?" என்று கேட்டாள் பிறகு.

"கார்த்திகையில போயிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாவு காய்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. நல்லவேளை, புளிக்கல. இன்னிக்கும் கூப்பிட்டாங்க. பாதி தூரம் போயிட்டுத் தலைவலின்னு சொல்லியனுப்பிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

அதற்குள் பேசினில் கூழ் கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்ததும் தையல்நாயகிக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. "அழுவறது அப்புறம் அழுவலாம். எழுந்து வந்து கிளறுங்க!" என்று கரண்டியை அவர் கையில் திணித்தாள். தறியில் முப்பது வருஷம் ஓடின கை. அவர் கிளறுகிற வேகத்தில் கூழ் மறுபடியும் இளகிக் கொடுத்தது. அவள் அரிசிப் பானையைக் கிளறிச் சீசாக்களை எடுத்து, மரிக்கொழுந்தைக் கரண்டியால் அளந்து ஊற்றினாள். கிராம்பு மூன்று சொட்டு. "போதுமா?" என்று அவர் கேட்டார். "அது என் வேலை. நீங்க கிளறுங்க" என்றாள்.

அச்சில் ஊற்றி மேலே சாக்கைப் போர்த்திய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதையும் அவருக்குத் தெரியாமல் பின்கட்டில் பேசினைக் கழுவிக்கொண்டே அழுது முடித்தாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றுமில்லை, சிலருக்குத் தானாக வரும், சிலருக்கு வராது என்றார். திரும்பும் வழியில் அவளே ராஜவேலு முதலியார் வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். உமாபதிக்கு மானம் போயிற்று. ஆனால் முதலியார், "அட, இதைச் சொல்றதுக்கு இன்னாப்பா வெக்கம்? நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாரு. புளிச்சிருந்தா நாக்கு சொல்லாதா?" என்றார். வீடு திரும்பும் வரை உமாபதி அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். பின்னால் நடந்தது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

சோப்பு நன்றாகக் காய்ந்து வந்தது. கம்பியால் அறுத்தபோது வெண்ணெய்க் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. காந்தா ஒரு கட்டியை முகர்ந்துவிட்டு, கேட்காமலேயே இன்னொன்றையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

பொருட்காட்சியில் தையல்நாயகி கடைக்குள் நின்றாள். உமாபதி சும்மா துணைக்கு வந்தவர். ஆனால் கூட்டம் சேர்ந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மோந்து பாருங்கம்மா. முதல்ல மரிக்கொழுந்து வரும். கொஞ்சம் பொறுத்தா அடியில கிராம்பு லேசா எட்டிப் பாக்கும். காலையில குளிச்சா சாயங்காலம் வரைக்கும் தோள்ல நிக்கும். நான் பொய் சொல்லலம்மா, இந்த மூக்கு அப்படிப்பட்ட மூக்கு!"

தையல்நாயகி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் அவர் பேச்சை நம்பி மூக்கருகே வைத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னபடியே மரிக்கொழுந்தும் வந்தது, கிராம்பும் எட்டிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் ஒரு கட்டி மிச்சமில்லை. லில்லி டீச்சர் ஓடிவந்து, "உங்க வீட்டுக்காரருக்கு வாசனையில என்ன ஞானம், தையல்நாயகியம்மா!" என்றாள். தையல்நாயகி "ஆமாம்மா" என்று சொல்லிவைத்தாள்.

ஆடி மாதம் ஒரு நாள் காலை, உமாபதி புது ஈட்டுச் சோப்பில் குளித்துவிட்டுத் துண்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு மாதிரியான வெளிச்சம். தோளை மோந்தார், கையை மோந்தார், அடுப்பில் இருந்த குழம்பைப் பார்த்து மூக்கை விடைத்தார்.

"தையலு, வந்துடுச்சு" என்றார்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். மூன்று வாரமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காமாட்சியம்மனுக்கு விளக்குப் போட்டவள் அவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "நெஜமாவா? இன்னா வாசனை தெரியுது, சொல்லுங்க."

அவர் தோளை இன்னொரு தடவை நன்றாக இழுத்து மோந்தார். யோசித்தார்.

"மரிக்கொழுந்து தூக்கலா இருக்குது. ரெண்டு கரண்டி கொறைச்சிருக்கலாம். அடுத்த ஈட்டுக்கு நானே அளந்து ஊத்தறேன்."