மாப்பிள்ளையை இழுத்த நாள்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் மாப்பிள்ளை என்று ஒருவர் இருக்கிறார். ஆள் உயரம், ஆள் எடை, உள்ளே மணலும் கந்தலும் அடைத்த பொம்மை. ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார், மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். வண்டியில் ஏறி நெருப்புக்குப் போக ஆசைப்படுபவர்கள் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் உச்சிவரை படியேறி, இறங்கி வந்து, மாப்பிள்ளையை முற்றத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு வரை இழுத்துச் சேர்க்க வேண்டும். அதுவும் குறித்த நேரத்துக்குள்.

நான் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பவள். எங்கே தீ, எங்கே தீ என்று கேட்டுக் காது தேய்ந்ததுதான் மிச்சம். தீயை நேரில் பார்த்ததில்லை. இரண்டு முறை தேர்வுக்குப் போனேன். இரண்டு முறையும் மாப்பிள்ளையின் அக்குளைப் பிடித்தபடியே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாய்ப்புக்கு மேல் கிடையாது. அடுத்ததும் போனால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலிதான் கதி.

"மனசுல தெம்பு இல்லம்மா உனக்கு," என்றார் நிலைய அதிகாரி. அவர் குரலுக்காகவே நாங்கள் வைத்த பெயர் சைரன். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே கோடு வரை இழுத்திருப்பேன், கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்.

என் நாத்தனார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு நான் குடியிருப்பின் படிகளில் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, யாராவது துரத்துறாங்களா?" என்று சிரித்தாள்.

"சிரிச்சுட்டுப் போ. எனக்கு மனசுல தெம்பு இல்லியாம்."

சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். தொடையைத் தொட்டுப் பார்த்தாள். அது தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"மனசை விடுங்க. தசையில உடனே எடுத்துச் செலவு பண்ற சக்தி ரொம்பக் கொஞ்சம். தம் பிடிச்சு ரெண்டு மாடி ஓடினா காலி. அப்புறம் உள்ள சேத்து வச்ச சர்க்கரையை எரிக்கணும். மூச்சு போதுற வேகத்துல போனா அது நிதானமா, ரொம்ப நேரம் எரியும். மூச்சு பத்தாம ஓடினா அவசரமா எரியும். சக்தி சட்டுனு கிடைக்கும், ஆனா கழிவு தேங்கிப்போகும். அப்ப நீங்க சுருங்குன்னு சொன்னாலும் தசை சுருங்காது."

"அப்ப மாப்பிள்ளையை எப்படி இழுக்குறது? அதுக்கு ஒரே தம்மு வேணுமே?"

"அங்கதான் விஷயம். கொஞ்சம் நின்னு நல்லா மூச்சு வாங்கினா, அந்த முதல் சக்தி மறுபடி ஊறிடும். முழுசா இல்லாட்டியும் பெரும்பகுதி."

"மூச்சு போதுதான்னு எப்படித் தெரியும்?"

"பேசிப் பாருங்க. ஒரு வாக்கியத்தை முழுசா சொல்ல முடிஞ்சா போதுதுன்னு அர்த்தம். பேசறதுதானே உங்க பொழப்பு?" அதிலும் ஒரு குத்தல். ஆனால் தினமும் வேலை முடிந்து என்னோடு படியேறினாள், பாவம், காலணி தேயத் தேய.

தேர்வு நாளில் கோபுரத்துப் படிகளில் வரிசையாக நின்று எல்லாரும் கைப்பிடிக் கம்பியைத் தட்டினார்கள். எங்கள் வழக்கம் அது. அந்தச் சத்தத்தில் யாராக இருந்தாலும் கால் தானாக ஓடும். நடந்து ஏறியவர் என்று நிலையத்தில் ஒருவரும் கிடையாது.

நான் நடந்தேன்.

"பதறாதீங்க, எங்க தீப்பிடிச்சிருக்கு, முகவரியைச் சொல்லுங்க." வாய் முணுமுணுத்தது, கால் அந்த வேகத்துக்கு ஏறியது. பத்து வருஷமாகச் சொல்லும் வாக்கியம். அது நடுவில் உடைந்தால் வேகத்தைக் குறைத்தேன்.

"உங்க வீட்டு அடுப்புலதான்!" என்றான் வரிசையில் நின்ற வண்டி ஓட்டுநர். கோபுரமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். உச்சியைத் தொட்டு இறங்கியபோது நேரம் குறைவாகத்தான் மிச்சமிருந்தது. ஆனால் தொடை நடுங்கவில்லை.

மாப்பிள்ளையின் தலைமாட்டுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, நின்றேன்.

"இழு!" என்று அலறினார் சைரன். "கடிகாரம் ஓடுது! என்ன வேடிக்கை பாக்குற?"

மூச்சை இழுத்தேன், விட்டேன். இழுத்தேன், விட்டேன். கம்பி தட்டுவது நின்றுவிட்டது. நான் தோற்றுவிட்டேன் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, பொய் சொல்வானேன். இன்னும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன்.

பிறகு குனிந்து அக்குளுக்குள் கையைக் கோத்து, பின்பக்கமாக இழுத்தேன். மாப்பிள்ளை வந்தார்! குதிகால் தரையில் கோடு போட, மணல் எடை முழுவதும் என் மார்பில் சாய, அடம்பிடிக்காமல் வந்தார். பாதி முற்றத்தில் தொடையில் எரிச்சல் ஏறியது, முக்கால் முற்றத்தில் கால் எனதாக இல்லை. அடேய், இன்னும் நாலு எட்டுதானடா என்று என் காலையே திட்டினேன். அவர் குதிகால் வெள்ளைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நான் விழுந்தேன், மாப்பிள்ளை என் மேலே.

சைரன் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எந்திரி," என்றார்.

"முடியல சார்."

"அப்ப படுத்துக்கிட்டே கேளு. நாளைக் காலையில முதல் வண்டில உன் இடம்."

மல்லாந்தபடி ஓவென்று அழுதேன். கால் இரண்டும் செத்துக் கிடந்தன. அவ்வளவு நிம்மதியாக நான் என்றுமே களைத்ததில்லை.