இரைப்பைச் சுவர்

...சர்க்கரைப் பொங்கலை அப்படி வழித்து வழித்துத் தின்றால் செவலை எப்படி எழுந்து நிற்கும், கன்று போட்டு இருபது நாள்தான் ஆகிறது... கல்பனா தொழுவத்தில் குத்துக்காலிட்டு மாட்டின் இடப்பக்க விலாவை அழுத்தினாள், உள்ளே தண்ணீர் தளும்பியது. நேற்று மாட்டுப் பொங்கல். ஏம்பலம் ஊரில் இந்தத் தெருவுக்கு மிஞ்சியது இந்த ஒரு பசுதான், மற்ற வீடுகளில் டிராக்டரும் பைக்கும் நிற்கின்றன, அவற்றுக்குப் பொட்டு வைக்கலாம், ஊட்ட முடியுமா, படைத்ததை எல்லாம் இலையோடு தூக்கிக்கொண்டு இங்கேதான் வந்தார்கள், மாமியார் தையலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. சோறு புளித்து அமிலம் ஏறினால் இரைப்பைச் சுவர் வழியே இரத்தத்துக்குப் போக வேண்டிய உப்பு போகாது, இரத்தத்தில் இருக்கிற தண்ணீர்தான் வயிற்றுக்குள் இறங்கும், வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டே மாடு வறண்டு சாகும்... இதைத்தானே ஐந்து வருடம் படித்தாள், மைதீன் பிச்சையின் கறிக்கடையில் சூடு ஆறாமல் வாங்கிய ஆட்டிரைப்பைச் சவ்வை இரண்டு கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே விரித்து, எத்தனை சோடியம் அயனி அந்தப் பக்கம் போகிறது என்று அளந்து அளந்து, டாக்டர் பட்டமும் வாங்கி... என்ன பிரயோசனம், இப்போது கையில் இருப்பது பீர் பாட்டிலில் கரைத்த ஆப்பசோடா, அதையும் மாடு பாதி கடைவாயில் வழியவிடுகிறது.

போன வருடம் சொல்லத்தான் செய்தாள், மாட்டுக்குப் பொங்கல் ஊட்ட வேண்டாம் என்று. "இன்னாடி கல்பனா, சாமிக்குப் படைச்சது வவுத்த கெடுக்குமா? உன் படிப்ப காலேஜோட வெச்சிக்கோ" என்றாள் தையலம்மாள், வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், மாட்டுக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். இந்த வருடம் வாயே திறக்கவில்லை. இப்போது அதே தையலம்மாள் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறாள். "நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? படிச்சவதான நீ?" சொன்னால் ஒரு பேச்சு, சொல்லாவிட்டால் ஒரு பேச்சு, இந்த வீட்டில் வேறு என்ன கிடைக்கும்...

கணவன் தணிகைவேல் போனைக் காதில் வைத்தபடி வந்தான். "டாக்டர் வந்துனு கீறாரு. எப்ப தின்னுச்சு, எவ்ளோ தின்னுச்சுனு கேக்கறாரு. யாருக்குத் தெரியும்?"

"பத்தே முக்காலுக்கு மொத இலை. பன்னெண்டரைக்குள்ள ஏழு. அஞ்சாவது இலைக்கு அப்பறம் அசை போடறது நின்னுபோச்சு."

தணிகைவேல் போனில் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தவன் போனைக் காதிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தான். தையலம்மாளின் அழுகையும் நின்றது. கல்பனா பாட்டிலைச் சாய்த்தாள். அடுப்படி ஜன்னலில் நின்றது நினைவிருக்கிறது, ஒவ்வொரு இலைக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது, அந்தக் கண்ணாடிக் குப்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்ததைப் போலவே, கோபத்தில் பேசாமல் இருந்தோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்... கோபத்தில் இருப்பவள் மணி பார்ப்பாளா?